ஓநாய்க் கலப்பு நாய்: வாங்கும் முன்பும் வளர்க்கும்போதும் அறிய வேண்டியவை

ஓநாயின் தோற்றமும் நாயின் மனமும் ஒன்றாய் அமைந்த விலங்கு வேண்டும் என்ற ஆசையே பெரும்பாலானோரை இந்தக் கலப்பினத்தின் பக்கம் இழுக்கிறது. ஆனால் கைக்குக் கிடைப்பது பல வேளைகளில் இதற்கு நேர்மாறாக இருக்கிறது: தோற்றத்தில் ஏறத்தாழ நாய்தான், புதிய மனிதரையோ பழகாத ஒலியையோ எதிர்கொள்ளும்போது உள்ளே எழுவது ஓநாயின் அச்சம். ஓநாய்க் கலப்பு நாய்களைப் பற்றிய பேச்சில் எப்போதும் மூர்க்கமே முன்னிறுத்தப்படுகிறது. உண்மையில் வளர்ப்பவரின் நாள்களைத் தீர்மானிப்பது மூர்க்கத்தைவிட இந்த அச்சமே என்பது என் உறுதியான கருத்து. வேலியின் உயரம், குட்டியை எடுக்க வேண்டிய வயது, பயிற்சி முறை, கலப்புச் செய்வோரின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பது வரை அனைத்தையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நாயையும் ஓநாயையும் பிரிப்பது எது

உயிரியல் கணக்கில் இரண்டும் மிக நெருங்கிய உறவினங்கள். சாம்பல் ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் குரோமோசோம்கள் 78தான். ஆகவே இவை கூடினால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டிகளும் மலடாக இல்லாமல் தாமும் குட்டி ஈனும். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையைப் போன்ற தடை இங்கே இல்லை. அறிவியலாளர் பலர் நாயைத் தனி இனமாகக் கொள்ளாமல் ஓநாயின் துணையினமாகவே வகைப்படுத்துகின்றனர்.

ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது 15,000 ஆண்டுகால வளர்ப்பு வரலாறு நிற்கிறது. அந்தக் காலத்தில் மனிதனைக் கண்டு ஓடாதவையும் அவன் அருகில் இருந்து உண்ணத் துணிந்தவையும் பெருகின; அஞ்சியவை காட்டிலேயே நின்றுவிட்டன. அச்சம் எந்த அளவுக்கு மரபுவழிச் சொத்து என்பதை 1959இல் சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரிச் சோதனை காட்டுகிறது. பண்ணை நரிகளில் மனிதரிடம் குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கியதில், பத்துத் தலைமுறைகளுக்குள்ளாகவே வாலாட்டி மனிதரை வரவேற்கும் நரிகள் பிறந்தன. அந்தத் தேர்வு எதைக் கட்டியதோ அதை ஓநாயோடு செய்யும் ஒரே ஒரு கலப்பு பெருமளவு கலைத்துவிடுகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. 2003இல் புடாபெஸ்ட்டில் ஆடம் மிக்லோசியும் அவர் குழுவினரும் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைக் கொடுத்துப் பார்த்தனர். நாய்கள் சிறிது முயன்றுவிட்டு உதவி கேட்பதுபோல் மனிதரின் முகத்தைப் பார்த்தன. ஓநாய்கள் அவ்வாறு பார்க்கவில்லை, தாமே முயன்றுகொண்டிருந்தன. வளர்ப்பவருக்கு இது சொல்வது ஒன்றுதான்: நாய் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும், ஓநாய்க் கலப்பு தானே வழி தேடும். கதவின் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பதும் அது தேடும் வழிகளுள் ஒன்று.

கலப்பு எவ்வாறு தொடங்கியது

மனிதன் திட்டமிடுவதற்கு வெகு முன்பே இயற்கையில் இது நிகழ்ந்திருக்கிறது. வட அமெரிக்க ஓநாய்களில் காணப்படும் கருநிறம் பண்டைக் காலத்தில் நாய்களோடு ஏற்பட்ட கலப்பால் வந்தது என்று 2009இல் வெளியான மரபணு ஆய்வு கண்டறிந்தது. எல்லோஸ்டோன் பூங்காவில் கரிய ஓநாயைப் பார்ப்பவர் ஒருவகையில் நாயின் மரபணுவைத்தான் பார்க்கிறார். இத்தாலியில் இன்றும் திரியும் நாய்கள் காட்டு ஓநாய்களோடு கலப்பது பாதுகாவலர்களின் பெருங்கவலையாக உள்ளது. இத்தகைய கலப்புகள் பெரும்பாலும் ஆண் நாய்க்கும் பெண் ஓநாய்க்கும் இடையிலேயே நிகழ்கின்றன.

திட்டமிட்ட முயற்சிகளுள் இரண்டை விரிவாக அறிந்துகொள்வது பயன் தரும், ஏனெனில் இன்றைய வளர்ப்பவருக்கு வேண்டிய பாடம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த லீண்டர்ட் சார்லூஸ், தம் காலத்து ஜெர்மன் ஷெப்பர்டுகள் இயல்பான வலிமையை இழந்துவிட்டன என்று எண்ணி, 1930களில் கெரார்ட் என்ற தம் நாயைப் பிளர் என்ற பெண் ஓநாயோடு கலந்தார். அவர் வேண்டியது உறுதியான உழைப்பு நாய். பிறந்தவையோ ஒதுங்கி நிற்பவையாகவும், புதியவரைக் கண்டால் பின்வாங்குபவையாகவும், கூட்டம் இல்லாமல் தனித்திருக்க இயலாதவையாகவும் அமைந்தன. அவற்றுள் சில பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்குப் பயன்பட்டன என்றாலும், ஓநாய்க் குருதி மேலும் சேர்க்கப்பட்டபோது அந்தத் தகுதியும் குறைந்தது. சார்லூஸ் 1969இல் மறைந்தார். 1975இல் நெதர்லாந்து நாய்க்கழகம் இந்த இனத்தை அவர் பெயராலேயே ஏற்றுக்கொண்டது. பல தலைமுறை நாய்க் கலப்புக்குப் பின்னும் இந்த இனத்தின் அடையாளக் குணமாக எஞ்சியது ஒதுங்கும் இயல்பே என்பதைக் கவனிக்க வேண்டும்.

செக்கோஸ்லோவாக்கிய முயற்சி ராணுவத்தின் எல்லைக் காவல் பிரிவில் 1955இல் கரேல் ஹார்ட்ல் தலைமையில் தொடங்கியது. பிரிட்டா என்ற கார்பாத்தியப் பெண் ஓநாய்க்கும் செசார் என்ற ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் 1958 மே 26 அன்று முதல் குட்டிகள் பிறந்தன. முதல் தலைமுறையைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. மீண்டும் மீண்டும் நாயோடு சேர்த்து, பயிற்சிக்கு இணங்கியவற்றையே தேர்ந்த பிறகே பணிக்கு ஏற்றவை கிடைத்தன. இது 1982இல் தேசிய இனமாகவும் 1999இல் பன்னாட்டு நாய்க்கழகக் கூட்டமைப்பின் முழு ஏற்பு பெற்ற இனமாகவும் ஆனது. தேர்ந்த பயிற்சியாளரும் ராணுவ ஒழுங்கும் இருந்த இடத்திலேயே இதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்றால், வீட்டின் பின்புறத்தில் ஓநாயையும் பனிநாட்டு இழுவை நாயான ஹஸ்கியையும் சேர்த்துப் பெறப்பட்ட குட்டியிடம் பணிந்த குணத்தை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

தலைமுறை எண்ணும் விழுக்காடும்

விற்பவர் இரண்டு எண்களைச் சொல்வார். முதலாவது தலைமுறை எண். தூய ஓநாய் பெற்றோராக இருந்தால் குட்டி முதல் தலைமுறை, பாட்டன் பாட்டியாக இருந்தால் இரண்டாம் தலைமுறை என்று இது எண்ணப்படும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் தலைமுறைக் கலப்பை மீண்டும் தூய ஓநாயோடு சேர்த்தால், முக்கால் பங்கு ஓநாயான அந்தக் குட்டியும் முதல் தலைமுறை என்றே எண்ணப்படும். முதல் தலைமுறையைச் சேர்ந்த இரண்டைத் தமக்குள் இணைத்தால் பிறப்பவை சராசரியாகப் பாதி ஓநாயாகவே இருந்தும் இரண்டாம் தலைமுறை எனப்படும். ஆகவே இந்த எண் தூய ஓநாய் மூதாதை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்.

இரண்டாவது எண்ணான விழுக்காடு, பெரும்பாலும் தாள் மேல் போட்ட வகுத்தல் கணக்கு. முதல் தலைமுறைக் கலப்பில் ஒவ்வொரு குரோமோசோம் இணையிலும் ஒன்று ஓநாயிடமிருந்தும் மற்றொன்று நாயிடமிருந்தும் வந்திருக்கும். அதை நாயோடு சேர்த்தால், அடுத்த தலைமுறைக்கு அந்த 39 இணைகளும் குலைந்து கலந்து கடத்தப்படுவதால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்றுக்கு அச்சத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் வந்து சேரலாம். இரண்டுக்கும் தாளில் 25 விழுக்காடு என்றே எழுதப்பட்டிருக்கும். அனுபவமுள்ள காப்பகத்தார் விழுக்காட்டைப் பெரிதாக எண்ணாமல், ஓநாய்த்தன்மை மிகுந்தது உயர்கலப்பு, இடைப்பட்டது நடுக்கலப்பு, குறைந்தது தாழ்கலப்பு என்று உடலையும் நடத்தையையும் பார்த்துப் பிரிப்பதற்கு இதுவே காரணம். மரபணுச் சோதனை உதவும். கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் கால்நடை மரபியல் ஆய்வகம் இத்தகைய சோதனையைச் செய்கிறது. ஆனால் ஓநாய் மூதாதை பல தலைமுறை பின்னால் இருந்தால் சோதனைக்குத் தடயம் கிடைக்காமல் போகலாம்.

கண்ணால் அறிவது

ஓநாய்க் கலப்பு என்று விற்கப்படுபவற்றுள் பல, ஹஸ்கி, மலமுட், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றின் கலப்பே. ஓநாய்க் குருதி சிறிதும் இருக்காது. நீலக் கண் இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். ஓநாய்க் குட்டியின் கண் முதல் சில வாரங்களுக்கு நீலமாக இருந்து பின்னர் மஞ்சளாகவோ அம்பர் நிறமாகவோ மாறிவிடும். வளர்ந்த விலங்கில் நீலக் கண் ஹஸ்கியின் அடையாளம். ஓநாய்க் குட்டிகள் ஒரே சீரான கருமை கலந்த பழுப்பாகப் பிறக்கின்றன. பிறந்தபோதே முகத்தில் வெண்மையான முகமூடி போட்டது போன்ற குட்டி நாய் வழி வந்தது. சுருண்டு முதுகின் மேல் விழும் வால், அகன்ற மார்பு, பெரிய காது, வெளிறிய சிவப்பு மூக்கு ஆகியனவும் நாயையே காட்டும். நெருங்கி அமைந்த நீண்ட கால்கள், குறுகிய மார்பு, உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரிய பாதங்கள், உட்புறம் அடர்ந்து மயிர் வளர்ந்த சிறிய காதுகள், நேராகத் தொங்கும் வால் ஆகியன ஓநாயைச் சுட்டும். விற்கும் வயதில் இவற்றுள் பல தெளிவாகத் தெரியாது. ஆதலால் குட்டியைவிடத் தாயையும் தந்தையையும் நேரில் பார்த்தே ஆக வேண்டும். பெற்றோர் புதியவரைக் கண்டு மூலையில் ஒடுங்கினால், குட்டி இப்போது எவ்வளவு துள்ளி விளையாடினாலும் பின்னாளில் அதன் குணம் எவ்வாறு அமையக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

சட்டமும் தடுப்பூசியும்

குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு 1976ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முந்தைய நான்கு தலைமுறைகளுக்குள் ஓநாய் இருந்தால் வனவிலங்கு வணிக விதிகள் பொருந்தும். நார்வே கலப்புகளை மட்டுமன்றிச் செக்கோஸ்லோவாக்கிய இனத்தையும் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமும், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டமும் விதி மாறும்.

வெறிநோய்த் தடுப்பூசி குறித்த செய்தி பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஓநாய்க் கலப்புகளுக்கென ஒப்புதல் பெற்ற வெறிநோய்த் தடுப்பூசி இல்லை. கால்நடை மருத்துவர் நாய்க்குரிய ஊசியைப் போட்டாலும், விலங்கு யாரையேனும் கடித்துவிட்டால் நாய்க்குரிய 10 நாள் கண்காணிப்பு அதற்குக் கிடைக்காமல், காட்டு விலங்காகக் கருதிக் கொன்று மூளையைச் சோதிக்க அதிகாரிகள் முடிவு செய்யலாம். அச்சத்தில் பட்ட ஒரு சிறு பல்தடமே அதன் உயிருக்கு முடிவாகக்கூடும். இத்தகைய விலங்குக்கு மருத்துவம் பார்க்க இசையும் மருத்துவரை முன்னதாகவே தேடி உறுதி செய்துகொள்ளுங்கள், பலர் மறுத்துவிடுவார்கள்.

குட்டியைப் பழக்குதல்

அச்சம் உருவாவதற்கு முன் மனிதரோடு பழகக் கிடைக்கும் காலம் ஓநாய்க்கு மிகக் குறுகியது. கேத்ரின் லார்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை அழகாக விளக்குகிறது. ஓநாய்க் குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் மோப்பம் இரண்டாம் வாரத்திலும் செவிப்புலன் நான்காம் வாரத்திலும் பார்வை ஆறாம் வாரத்திலும் முதிர்கின்றன. நாய்க்குட்டி நான்காம் வாரத்தில்தான் சுற்றுப்புறத்தை ஆராயத் தொடங்குகிறது. ஓநாய்க் குட்டியோ இரண்டாம் வாரத்திலேயே, காதும் கண்ணும் முதிராத நிலையில், மோப்பத்தை மட்டும் நம்பி நடக்கத் தொடங்குகிறது. பின்னர் ஒலியும் ஒளியும் அதன் உலகில் நுழையும்போது அவை ஒவ்வொன்றும் திடுக்கிட வைப்பவையாக அமைந்துவிடுகின்றன.

ஆகவே எட்டு வாரம் ஆன குட்டியை வாங்கிப் பழக்கலாம் என்ற நாய் வளர்ப்பு வழக்கம் உயர்கலப்புக்குப் பொருந்தாது. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்புருன்னில் உள்ள ஓநாய் ஆய்வு மையத்தில் குட்டிகளைப் பத்து நாள் அளவிலேயே தாயிடமிருந்து பிரித்து, இரவும் பகலும் மனிதர் உடனிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்க்கின்றனர். இதைத் தனியொருவர் வீட்டில் செய்வது குழந்தையை வளர்ப்பதற்கு ஒப்பான உழைப்பு. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை பால், ஒவ்வொரு முறையும் வயிற்றைத் துடைத்துச் சிறுநீர் கழிக்க வைத்தல், தூக்கத்திலும் அருகிலிருத்தல் என்று வாரக்கணக்கில் தொடரும். தாயிடமே நான்காம் வாரம் கடந்த உயர்கலப்புக் குட்டியை முதன்முறை வளர்ப்பவர் எடுக்கக் கூடாது என்பேன். தாழ்கலப்புக் குட்டியையும், சார்லூஸ், செக்கோஸ்லோவாக்கிய இனம் போன்ற நிலைபெற்ற இனங்களின் குட்டியையும் தாயோடு ஏழெட்டு வாரம் வரை விட்டுவைக்கலாம். அந்தக் காலம் முழுவதும் நாள்தோறும் பல மனிதர் அதைக் கையாண்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பழக்கும் மாதங்களில் குட்டிக்குப் பல வயதினரையும், குடை, வண்டி, மாடிப்படி, மருத்துவரின் மேசை போன்றவற்றையும் சிறுகச் சிறுகக் காட்டுங்கள். பின்வாங்கினால் இழுக்காதீர்கள். தொலைவில் நின்று தானே பார்த்து, தானே நெருங்க விடுங்கள்; நெருங்கியதும் இறைச்சித் துண்டு கொடுங்கள். ஒருமுறை வலிந்து இழுத்துச் சென்ற இடத்தை அது நெடுநாள் மறக்காது. வாய்க்கூடு, மார்புப்பட்டை, வண்டியில் ஏறுதல், பாதத்தைத் தொட விடுதல் ஆகியவற்றை இப்போதே பழக்கிவிட வேண்டும், ஏனெனில் 40 கிலோ எடைக்கு வளர்ந்த பின் அச்சமுற்ற விலங்கிடம் இவற்றைத் தொடங்க முடியாது.

குட்டியைத் தரையில் கவிழ்த்து அழுத்தி ‘தலைவன் நான்’ என்று காட்டும் முறையை அறவே விட்டுவிடுங்கள். அந்த எண்ணம் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் வேர்கொண்டது. ஓநாய்களை வாழ்நாள் முழுதும் ஆய்ந்த டேவிட் மெக் 1999இல் எழுதிய கட்டுரையில், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று தெளிவாக்கினார். அஞ்சும் விலங்கை அழுத்தினால் அது கற்றுக்கொள்வது உங்களுக்கும் அஞ்ச வேண்டும் என்பதை மட்டுமே.

உணவில் வெறும் சதை இறைச்சியை மட்டும் கொடுப்பது பலர் செய்யும் தவறு. வளரும் குட்டிக்கு அதில் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு வளைந்துவிடும். பச்சை எலும்போடு கூடிய இறைச்சி, உள்ளுறுப்பு, தரமான நாய்த்தீவனம் ஆகியவற்றை மருத்துவர் வகுத்த அளவில் கலந்து கொடுக்க வேண்டும். வேகவைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

அடைப்பு

வேலி குறைந்தது 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும்; உச்சியில் உட்புறமாகச் சாய்ந்த கம்பிவலை தேவை. அடியில் தோண்டி வெளியேறாதிருக்க, வேலியோரமாக உட்பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையில் வலை விரித்துப் புதைக்க வேண்டும். கதவு இரட்டையாக அமையட்டும்: ஒன்றை மூடிய பின்பே மற்றொன்றைத் திறக்கும் வகையில் இடையே ஒரு சிற்றறை. தாழ்ப்பாள் போதாது, பூட்டு வேண்டும். மின்வேலியை மட்டும் நம்ப வேண்டாம். மிகுந்த அச்சத்தில் விலங்கு அதையும் கடந்து ஓடும், அமைதியடைந்த பின் அதே அதிர்ச்சிக்கு அஞ்சித் திரும்பி வராமல் நிற்கும்.

இடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அதைவிட முக்கியம், உள்ளே ஒளிந்துகொள்ள இடம் இருப்பது. புதர், மேடு, பதுங்குகுழி, நிழல், உயரத்தில் நின்று பார்க்க ஒரு பலகைமேடை ஆகியவை இருந்தால் அஞ்சும் விலங்கு தானே அமைதி தேடிக்கொள்ளும். சங்கிலியில் கட்டி வளர்ப்பது கொடுமை. ஓட முடியாத அச்சம் கடியாகவே வெளிப்படும். தனிமையும் இதற்குத் தாங்காது. எதிர்ப்பாலைச் சேர்ந்த, கருத்தடை செய்யப்பட்ட, ஏறத்தாழ ஒத்த உருவமுள்ள ஒரு நாயைத் துணையாக வைப்பது பெரும்பாலும் நன்மை தரும்.

வளர்ந்த பின் வெளிப்படும் குணம்

முதல் ஆண்டு இனிமையாகக் கழியலாம். ஓநாய் முழு முதிர்ச்சி அடைவது இரண்டு முதல் மூன்று வயதில்; கலப்பிலும் ஏறத்தாழ ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையிலான காலமே கடினமானது, கைவிடப்படுபவற்றுள் பல அந்த வயதிலேயே கைவிடப்படுகின்றன. நாய்ப்பெட்டை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவம் அடையும். ஓநாய் குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஒருமுறை மட்டுமே. உயர்கலப்புகளில் இந்தப் பருவச்சுழற்சி தொடர்வதால், அந்த மாதங்களில் ஒரே பாலின விலங்குகளுக்குள் சண்டை மூளும், பழகிய மனிதரிடமும் சிடுசிடுப்பு தோன்றும். அப்போது சண்டையிடும் விலங்குகளைப் பிரித்து வைத்து, அவற்றை நெருங்கிச் செய்யும் பணிகளைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. கருத்தடை இதைத் தணிக்கும், முற்றிலும் நீக்காது.

வாயருகில் உள்ளது தனக்கே உரியது என்பது ஓநாயின் முறை. உணவையோ எலும்பையோ பிடுங்காமல், அதைவிடச் சிறந்த ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பூனை, கோழி, சிறிய நாய் ஆகியவற்றோடு குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்ததை நம்பி விட்டுவிடக் கூடாது. கத்திக்கொண்டு ஓடும் அல்லது தடுக்கி விழும் சிறு குழந்தை வேட்டையுணர்வைத் தூண்டக்கூடும். சிறுவர் உள்ள வீட்டில் நடுக்கலப்பும் உயர்கலப்பும் வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். காவலுக்கென்று வளர்ப்பதும் வீண். புதியவர் வந்தால் குரைத்து எதிர்ப்பதற்குப் பதில் கட்டிலின் அடியில் ஒளிபவையே மிகுதி. வீட்டினுள் தனியே விட்டால் இருக்கையின் உறையைக் கிழிப்பதோடு நில்லாமல், சுவரின் பூச்சையும் பெயர்த்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவே, தன் மனிதரை ஏற்றுக்கொண்ட ஓநாய்க் கலப்பு அவரிடம் காட்டும் பற்று ஆழமானது. காலையில் வேலிக்கு அருகே வந்து முகத்தை முகர்ந்து, உடலைச் சாய்த்து நிற்கும் அந்த வரவேற்பு ஆண்டுக்கணக்கான பொறுமைக்குக் கிடைப்பது. அந்தப் பற்று வேறொருவருக்கு எளிதில் கைமாறுவதில்லை என்பதே அதன் மறுபக்கம்.

இனப்பெருக்கம் குறித்து

புதிதாக ஓநாயையும் நாயையும் சேர்த்துக் குட்டி பெறுவதற்கு இன்று நியாயமான தேவை எதுவும் இல்லை. கலப்பினம் நோயற்றது என்ற நம்பிக்கையும் தவறு. ஜெர்மன் ஷெப்பர்டில் உள்ள பிட்யூட்டரிக் குள்ளத்தன்மையின் (மூளையடிச் சுரப்பி சரியாக இயங்காமல் வளர்ச்சி குன்றுவதன்) மரபணுக் குறை, சார்லூஸ், செக்கோஸ்லோவாக்கிய இனங்கள் இரண்டிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. முதுகுத்தண்டுச் சிதைவு நோயும் அவ்வாறே. நிலைபெற்ற இனத்தின் குட்டியை நாடுவோர் பெற்றோருக்கு இவ்விரண்டு மரபணுச் சோதனைகளும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டனவா என்று கேட்டு, சான்றை வாங்கிப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த பின்னும் ஓநாய்க் கலப்பே வேண்டும் என்போருக்கு என் பரிந்துரை, காப்பகத்திலிருந்து மூன்று வயது கடந்த ஒன்றைத் தத்தெடுப்பது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள யாம்னுஸ்கா காப்பகம் போன்றவை, கைவிடப்பட்டவற்றைப் பேணி, ஏற்ற குணமுள்ளவற்றைத் தகுதியான வீடுகளுக்கு அனுப்புகின்றன. வளர்ந்த விலங்கின் அச்சம் எவ்வளவு, எதைக் கண்டு, எப்படி வெளிப்படுகிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். பலமுறை போய், அதன் அடைப்புக்குள் அமைதியாக உட்கார்ந்திருங்கள். அது தானாக வந்து உங்களை முகரும் நாள் வரை கையெழுத்திட வேண்டாம். கையெழுத்திடும் அன்றே, உங்களுக்கு நோயோ இறப்போ நேர்ந்தால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதை யார் ஏற்பார் என்பதையும் அவருடைய ஒப்புதலோடு எழுதி வைத்து, அவரையும் மாதந்தோறும் அடைப்புக்குள் அழைத்துவந்து பழக்குங்கள்.